களரியும் அளவுகோலும்: மட்டக்களப்புக் கூத்துத் திறனாய்வு குறித்த ஒரு மறுநோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புக் கிராமங்களில் உழவர் பெருமக்கள் ஆடிவரும் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் 1950களின் பிற்பகுதியிலிருந்து பல்கலைக்கழகத் திறனாய்வின் பொருளாயின. அத்திறனாய்வு பெரும்பாலும் அரங்கேற்ற இரவையே படைப்பாகக் கொண்டு அதன் நீளம், கட்டுக்கோப்பு, நடிப்பு ஆகியவற்றை அளந்தது. கூத்தின் படைப்பு அலகு சட்டங்கொடுத்தல் முதல் வீட்டுக்கு வீடு ஆடுதல் வரை நீளும் ஒரு முழுப் பருவம் என்பதும், அப்பருவத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊர் தனக்குரிய திறனாய்வை நிகழ்த்துகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். இவ்வாதத்தின் அடிப்படையில் பேராதனைச் செம்மையாக்க முயற்சியும் பிற்கால மீளுருவாக்க முயற்சியும் மதிப்பிடப்படுகின்றன. ஊரின் அளவுகோலும் குறையற்றதன்று என்பது சாதி, பால்நிலை ஆகியவற்றைக் கொண்டு காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மட்டக்களப்பு, வடமோடி, தென்மோடி, வட்டக்களரி, அண்ணாவியார், செம்மையாக்கம், மீளுருவாக்கம்

1. முன்னுரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடரங்கை அளந்து காட்டுகிறது. இருபத்துநான்கு விரல் அளவினதாகிய ஒரு கோல் கொள்ளப்படுகிறது. அக்கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1 என அரங்கு வகுக்கப்படுகிறது. மூவகை எழினியும் அங்கே சொல்லப்படுகின்றன. தமிழ் நாடகத்தின் தொன்மையைப் பேச முற்படும் ஆய்வுகள் பலவும் இவ்வளவுகளை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. அரங்கு என்றால் அளக்கப்பட்டது, நாற்கோணமானது, முகப்புடையது, எழினி வீழ்வது என்னும் எண்ணம் இவ்வழக்கத்தால் வலுப்பெற்றது.

மட்டக்களப்பின் வட்டக்களரிக்கு இக்கோல் பொருந்துவதில்லை. களரி என்பது மண்ணைக் குவித்துச் சற்றே உயர்த்திய வட்டம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, எழினியும் இல்லை. நடுவே மத்தளத்துடன் அண்ணாவியாரும், சல்லரி போடுவோரும், பிற்பாட்டுக்காரரும் நிற்பர். அவர்களைச் சுற்றி ஆட்டம் நிகழும். ஆட்டத்தைச் சுற்றி ஊர் அமர்ந்திருக்கும். சிலம்பின் அரங்கையும் இக்களரியையும் ஒரே கோலால் அளக்க முயல்வோர் களரியில் குறையையே காண்பர்.

இப்பகுதியிலேயே, 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் ‘மதங்க சூளாமணி’ (1926) தமிழில் நாடகவியல் பற்றி எழுந்த முன்னோடி நூல்களுள் ஒன்று. அதன் நடுப்பகுதியாகிய எடுத்துக்காட்டியல் சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களை ஆராய்கிறது. நாடகம் என்னும் கலையை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்னும் வினாவுக்கு அக்காலப் புலமை தந்த விடையை இதனால் அறியலாம். பண்டை இலக்கணமும் மேலைச் செவ்வியல் நாடகமும் அளவைகளாயின. அப்பகுதியின் களரிகளிலோ கூத்து தன் வழியே நடந்துகொண்டிருந்தது.

இந்த இடைவெளி மூன்று தசாப்தங்களுக்குப் பின் நிரம்பத் தொடங்கியது. நிரப்பியோர் கூத்தை நேசித்தவர்கள். அவர்தம் பணியின்றி இன்று கூத்துப் பற்றிய ஆய்வே இல்லை. எனினும், அவர்கள் கையாண்ட அளவுகோல் எதுவென்று கேட்க வேண்டிய தேவை எஞ்சியிருக்கிறது. கூத்து எதனால் நல்ல கூத்தாகிறது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

2. நிலமும் ஆண்டு வட்டமும்

மட்டக்களப்பு வாவி நிலத்தை இரு கூறாக்குகிறது. கடலை ஒட்டிய, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே வயல்வெளி பரந்து கிடக்கும் பக்கம் படுவான்கரை. வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் பெரும்போக நெல் ஆண்டின் தொடக்க மாதங்களில் அறுவடையாகிறது. அறுவடை முடிந்தபின் வரும் மாதங்களில்தான் ஊருக்குக் கையில் நெல்லும் மனத்தில் ஓய்வும் சேர்கின்றன. இப்பகுதியின் கலைகளும் சடங்குகளும் பெரும்பாலும் இக்காலத்தையே சார்ந்தவை.

சித்திரைப் புத்தாண்டில் ஊஞ்சற் பாட்டு ஒலிக்கும். மந்திரப் போட்டியைப் பொருளாகக் கொண்ட மகிடிக் கூத்து பகற்பொழுதில் தெருவில் நிகழும். இளைஞர் கையில் கோல் கொண்டு ஆடும் வசந்தன் உழவையும் தெய்வத்தையும் பாடும், அப்பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940இல் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ எனத் தொகுத்தார். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கப்படும். வழக்குரை பாடப்பட்டுக் குளிர்த்தியுடன் சடங்கு நிறைவெய்தும். ஊர் வடசேரி, தென்சேரி என இரு வாரமாகப் பிரிந்து கொம்புமுறி விளையாட்டில் பொருதுவதும் கண்ணகி வழிபாட்டோடு பிணைந்ததே.

இந்நிகழ்வுகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பார்ப்போர், செய்வோர் என்னும் பிரிவு இவற்றில் நிலையானதன்று. கொம்பு இழுப்பவரும் ஊரவரே; அதைச் சூழ்ந்து ஆரவாரிப்பவரும் ஊரவரே. ஓர் ஆண்டில் ஆடியவர் மறு ஆண்டில் பார்வையாளர் ஆவார். கூத்து இவ்வரிசையில் நிற்கும் ஒன்று. ஆட்டம், பாட்டு, உடை ஆகியவற்றின் செறிவால் அது மற்றவற்றினும் வேறுபட்டது என்பது உண்மை. ஆயினும் அதனை இவ்வரிசையிலிருந்து பெயர்த்தெடுத்து ‘நாடகம்’ என்னும் தனி வகைக்குள் வைத்தவுடன் அதன் இயல்புகள் பல குறைகளாகத் தோன்றத் தொடங்குகின்றன.

ஊர் வரலாற்றோடும் கூத்துக்கு உறவுண்டு. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ குடியேற்றங்களையும் குடிகளையும் கோயில் உரிமைகளையும் பேசும் நூல். 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நிலம், வழக்காறு, கலை ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தது. தாய்வழிக் குடிமுறையும், வண்ணக்கர் பொறுப்பிலமைந்த கோயில் நிருவாகமும், சடங்கில் யாருக்கு எந்த இடம் என்னும் வரிசையும் இந்நிலத்தின் சமூக இலக்கணமாகும். எழுத்தில் மான்மியமாகப் பதிந்த அவ்விலக்கணம் களரியில் ஆளாகவும் ஆட்டமாகவும் காட்சியளிக்கிறது. எந்தக் கூத்தை எடுப்பது, எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பாத்திரம், களரி எந்த வெளியில் அமையும் என்பன ஊரின் வரலாறு முன்னரே பாதி விடை எழுதிவைத்த வினாக்கள்.

3. ஓர் இரவா, ஒரு பருவமா?

மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்த சி. மௌனகுரு முதலியோர் கூத்து உருவாகும் படிநிலைகளைப் பதிவு செய்துள்ளனர். ஊர்ப் பெரியோரும் அண்ணாவியாரும் கூடிக் கூத்தைத் தெரிவுசெய்கின்றனர். குரல், உடல்வாகு, ஆர்வம் ஆகியவற்றைக் கண்டு கூத்தர் தேரப்படுகின்றனர். அவரவர்க்குரிய பகுதி ‘சட்டம்’ என வழங்கப்படுகிறது. இதுவே சட்டங்கொடுத்தல். பின்னர் இரவுதோறும் பயிற்சி நிகழும். கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், முழுக் கூத்தையும் ஒழுங்காக ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல் ஆகியவை அடுத்தடுத்து வரும். இவற்றின் பின்பே அரங்கேற்றம். அரங்கேற்றத்துடனும் கூத்து முடிவதில்லை. கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர்.

இப்படிநிலைகளை விவரிக்காத ஆய்வு இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் பெரும்பாலான ஆய்வுகளில் இவை ‘தயாரிப்பு முறை’ என்னும் தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றன. மதிப்பீடு தொடங்கும்போது ஆய்வாளரின் பார்வை அரங்கேற்ற இரவின்மேல் குவிகிறது. தயாரிப்பு என்னும் சொல்லே ஒரு முன்முடிவைக் கொண்டது. அது, முடிவில் கிட்டும் பண்டமே பொருட்டு, முன்னவை அதற்கான வேலை என்னும் எண்ணத்தை உடன்கொண்டு வருகிறது.

கூத்தில் அவ்வாறில்லை. மாதக் கணக்கில் நிகழும் பயிற்சிக்கு ஒவ்வோர் இரவும் ஊர் வருகிறது. சிறுவர் ஓரத்தில் நின்று வீசாணத்தையும் குத்துமிதியையும் தாமாகவே ஆடிப் பார்க்கின்றனர். முதியோர் தாம் முன்பு ஆடிய பாத்திரத்தின் தருவை இன்று ஆடுபவன் பாடக் கேட்டுத் திருத்துகின்றனர். பெண்கள் பாடல்களை மனனமாக்கிக் கொள்கின்றனர். அடுத்த தலைமுறைக் கூத்தரும் அவரை அளக்கும் அடுத்த தலைமுறைப் பார்வையாளரும் இங்கேயே உருவாகின்றனர். அரங்கேற்றம் நடைபெறாது போனாலும் இப்பயிற்சிக் காலம் தன் பயனில் பெரும்பகுதியைத் தந்துவிட்டிருக்கும். பயிற்சிக் காலமின்றி அரங்கேற்றம் மட்டும் நிகழுமாயின் ஊருக்குக் கிட்டுவது ஒரு காட்சி மட்டுமே. எனவே, திறனாய்வுக்குரிய படைப்பு அலகாக முழுப் பருவத்தையும் கொள்வதே பொருத்தமானது.

4. ஊரின் திறனாய்வு

நாட்டார் கலைகளில் சுவைப்பு உண்டு, திறனாய்வு இல்லை என்னும் கருத்து வெளிப்படையாகக் கூறப்படாவிடினும் பல எழுத்துகளில் உள்ளுறைந்து கிடக்கிறது. திறனாய்வு என்பது எழுத்தில் அமைந்த தீர்ப்பு எனக் கொண்டால் இக்கருத்து சரியே. தேர்தல், ஒப்பிடல், திருத்தல், தரம் சொல்லல் ஆகிய செயல்களே திறனாய்வு எனக் கொண்டால், கூத்தின் ஒவ்வொரு படிநிலையும் ஒரு திறனாய்வுக் களமாகும்.

சட்டங்கொடுக்கும்போது அண்ணாவியார் குரலையும் உடலையும் பாத்திரத்தோடு வைத்து அளக்கிறார். சதங்கை அணியும் நாள், இன்னார் இனி ஆடத்தக்கவர் என ஊர் ஒப்பும் நாள். அடுக்குப் பார்த்தலில் கூத்தின் முழு ஒழுங்கும் சோதிக்கப்படுகிறது. அரங்கேற்ற இரவில் ஊரின் தீர்ப்பு பொருளாகவும் ஒலியாகவும் வெளிப்படுகிறது. உறவினர் தம் பிள்ளையின் வரவுக்கு வெடி கொளுத்துவதும், நன்கு ஆடியவர்க்குச் சன்மானம் வழங்குவதும் அத்தீர்ப்பின் வடிவங்கள். தாளம் பிசகிய இடத்தில் எழும் சலசலப்பும் தீர்ப்பே.

இதனைக் கருத்தில் கொண்டால், கூத்தின்மீது அடிக்கடி சுமத்தப்படும் இரு குறைகளை மீண்டும் ஆராயலாம். முதலாவது, நீளம். இரவு முழுவதும் ஆடப்படுவதால் கதை தளர்கிறது என்பர். களரியைச் சூழ்ந்திருப்போர் கதை அறியாதவர் அல்லர். பாரதப் போரின் முடிவு அவர்க்குத் தெரியும். அக்கூத்தின் பாடல்களும் பல மாதங்களாகக் காதில் விழுந்தவை. அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல் அங்கே இயக்கு விசையாக இல்லை. இவன் எப்படி ஆடுவான் என்னும் ஆவலே இயக்குகிறது. கதையின் விறுவிறுப்பைக் கொண்டு அளப்பவர் அங்கு இல்லாத ஒன்றைத் தேடி ஏமாறுகின்றனர்.

இரண்டாவது, கூறியது கூறல். ஒவ்வொரு பாத்திரமும் வரவு ஆடித் தாளக்கட்டுக்கு ஏற்பத் தன் ஆட்டக் கோலங்களைக் காட்டித் தன்னை அறிமுகம் செய்கிறது. நாடகக் கட்டமைப்பின் நோக்கில் இது மீண்டும் மீண்டும் வரும் ஒன்று. ஊரின் நோக்கில் ஒவ்வொரு வரவும் வெவ்வேறு வீட்டின் வரவு. அரசனின் வரவுக்குக் காத்திருக்கும் குடும்பம் ஒன்று. கட்டியகாரனின் வரவுக்குக் காத்திருக்கும் குடும்பம் மற்றொன்று. சிறு பாத்திரத்தின் வரவைச் சுருக்குவது கதைக்கு இழப்பன்று. அப்பாத்திரத்தை ஏற்றவரின் வீட்டாருக்கு அது பெரும் இழப்பு. கூத்தின் நீளம் என்பது அதில் பங்குகொள்ளும் வீடுகளின் எண்ணிக்கை. நீளத்தைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் இக்கணக்கைப் பார்த்த பின்னரே சொல்லத்தக்கது.

5. பேராதனைச் செம்மையாக்கம்: ஈட்டமும் இழப்பும்

1956 இலங்கை அரங்க வரலாற்றிலும் அரசியல் வரலாற்றிலும் திருப்பமான ஆண்டு. சிங்களம் மட்டும் அரச மொழியாக வேண்டும் என்னும் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. சிங்கள நாடகம் என்னும் நாட்டார் வடிவத்திலிருந்து நவீன மேடைக்குரிய நாடகமொன்றைப் படைக்கலாம் என அது காட்டியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சரச்சந்திரவுடன் பணியாற்றிய சு. வித்தியானந்தன் இதன் தூண்டலைப் பெற்றார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைமையும் அவரிடம் இருந்தது. நாட்டுக்கூத்து விழாக்கள் நடத்தப்பட்டன, அண்ணாவிமார் மதிக்கப்பட்டனர், கூத்துப் பனுவல்கள் அச்சேறின. 1962இல் அவர் பதிப்பித்த ‘அலங்காரரூபன் நாடகம்’ அவற்றுள் ஒன்று.

அதே 1962இல் ‘கர்ணன் போர்’ பேராதனை மாணவரால் மேடையேற்றப்பட்டது. ஆட்டத்தைப் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவை வந்தன. இரவு முழுதும் நிகழ்ந்தது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அமைந்தது. வட்டக்களரியின் இடத்தைப் படச்சட்ட மேடை பெற்றது. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தனர். ஒளியமைப்பும் உணர்ச்சி நடிப்பும் சேர்ந்தன. பெண் பாத்திரங்களைப் பெண்களே ஏற்றனர்.

இம்முயற்சியின் பயன்களைக் குறைத்துக் கூறுவது வரலாற்றுக்குப் புறம்பாகும். கல்வி கற்ற தமிழர் இழிவாகக் கருதிய ஆட்டம் பல்கலைக்கழக மேடையில் ஏறியது. தமக்கெனத் தனித்த அரங்க மரபு உண்டு என்னும் உணர்வு, மொழியுரிமை நெருக்கடிக்கு உள்ளான ஒரு மக்களுக்கு அக்காலத்தில் எளிய பேறன்று. ‘இராவணேசன்’ கூத்தின் ஆட்டமொழி ஒரு பாத்திரத்தின் அகத்துயரையும் தாங்கவல்லது என நிறுவியது. அந்நாடகத்தை எழுதி இராவணனாகவும் ஆடிய மௌனகுரு பின்னர் இத்துறையின் முதன்மை ஆய்வாளராக மலர்ந்தது அம்முயற்சியின் நீண்ட காலப் பயன்.

இழப்பு வேறோர் இடத்தில் நேர்ந்தது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கப்படும் மேடையில், நாற்புறப் பார்வைக்கென அமைந்த ஆட்டக் கோலங்கள் தம் வடிவை இழந்தன. எட்டுப்போடும் ஆட்டம் வட்டத்தில் ஒரு வரைபு; முகப்பு மேடையில் அது பக்கவாட்டு நகர்ச்சி. அண்ணாவியார் ஓரத்துக்குச் சென்றபோது, ஆட்டத்தையும் பாட்டையும் அந்தந்தக் கணத்தில் நெறிப்படுத்திய நடுப்புள்ளி நெறியாளருக்குக் கைமாறியது. நெறியாளரின் பணியோ மேடையேற்றத்துக்கு முன்பே முடிந்துவிடுவது. வரவுகள் சுருங்கியபோது, வீடுகள் உதிர்ந்தன. பேராதனை மாணவர்க்கு அந்த வீடுகள் இல்லை. ஆகவே அந்த மேடையில் இவ்விழப்பு உணரப்படவில்லை.

செம்மையாக்கம் தன்னளவில் பிழையன்று. அது புதியதொரு வகையைத் தோற்றுவித்தது. அவ்வகைக்கு அதற்கேயுரிய தகுதி உண்டு. சிக்கல் பிறந்தது, அப்புதிய வகையின் அளவைகள் பழைய வகையின்மேல் திரும்பியபோது. செம்மையாக்கப்பட்ட கூத்து என்னும் பெயர், மற்றது செம்மையற்றது என்னும் பொருளைச் சொல்லாமலே சொன்னது. விழா மேடைகளிலும் பாடசாலைப் போட்டிகளிலும் சுருக்கிய வடிவமே கூத்தின் முறையான வடிவம் என நிலைபெற்றது. இப்பயன்பாட்டை வித்தியானந்தன் நோக்கமாகக் கொண்டார் எனக் கூற இடமில்லை. ஓர் அளவுகோல் உருவாக்கியவரின் கையைவிட்டுச் சென்றபின் எங்கெங்கு அளக்கும் என்பது அவர் வசத்தில் இல்லை.

6. மீளுருவாக்க வாதம்

கூத்தை ஊரிலேயே, ஊரவருடனேயே, ஊரின் படிநிலைகளினூடாகவே புதுப்பிக்க வேண்டும் என்னும் மாற்றுக் கருத்தைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் முன்வைத்தார். இது கூத்து மீளுருவாக்கம் எனப் பெயர்பெற்றது. மட்டக்களப்புச் சீலாமுனையில் பங்கேற்புச் செயலாய்வாக நிகழ்ந்த முயற்சி இதன் முதன்மைக் களம். செம்மையாக்கம் வடிவத்தைத் திருத்தியது. மீளுருவாக்கம் வடிவத்தைக் களரியில் வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை ஊரோடு விவாதித்தது. பனுவலில் சாதி, பால்நிலை குறித்து வரும் இழிவுரைகளை என் செய்வது என்னும் வினா, ஆய்வாளரின் அறையில் தீர்க்கப்படாமல் பயிற்சிக் களத்தில் வைக்கப்பட்டது.

முழுப் பருவமே கூத்து என்னும் நோக்கில் இவ்வாதம் சரியான இடத்திலிருந்து தொடங்குகிறது. ஊரின் திறனாய்வுக் களங்களை அது கண்டுகொண்டது. அவற்றையே மாற்றத்தின் வாயில்களாகக் கொண்டது. ஆயினும் இதற்கும் வினாக்கள் உண்டு. ஆய்வாளர் ஊருக்குள் வந்து உரையாடலைத் தொடக்கிவைக்கும்போது, எவை விவாதப் பொருளாக வேண்டும் என்பதைத் தேர்பவர் யார்? ஆய்வாளர் விலகிய பின் ஊர் தானாக எடுக்கும் அடுத்த கூத்தில் அவ்விவாதம் தொடர்கிறதா? மீளுருவாக்கத்தின் வெற்றியை ஆய்வாளர் உடனிருந்த அரங்கேற்றத்தைக் கொண்டு அளந்தால், அதுவும் ஓர் இரவை அளக்கும் பழைய கோலுக்கே திரும்பிவிடும். உரிய அளவை அதற்கடுத்த பருவம்.

இரு தரப்பாரும் தம்முள் நடத்திய விவாதம் சில வேளைகளில் தூய்மை, மாற்றம் என்னும் இருமைக்குள் சிக்கியது. களரிக்கு அத்தகைய இருமை அயலானது. பந்தத்தின் இடத்துக்குப் பெற்றோல்மாக்ஸ் விளக்கு வந்தது. பின்னர் மின்னொளியும் ஒலிபெருக்கியும் வந்தன. அம்மாற்றங்களை ஊர் தேர்ந்துகொண்டது. மாறியதா என்பதினும், மாற்றத்தைத் தீர்மானித்தது எவர் என்பதே பொருள்பொதிந்த வினா.

7. ஊர் என்னும் சொல்லின் எல்லை

இதுகாறும் ‘ஊர்’ என்னும் சொல் ஒற்றைக் குரல் உடையதுபோல் ஆளப்பட்டது. அவ்வாறு கொள்வது திறனாய்வாகாது. ஊரின் அளவுகோலுக்கும் கோணல் உண்டு.

பாத்திரப் பங்கீட்டில் குரலும் உடலும் மட்டுமே நோக்கப்பட்டன என்பதற்கில்லை. அரச பாத்திரம் யார் வீட்டுக்கு என்பதில் செல்வமும் செல்வாக்கும் புகுந்தன. சாதி அடிப்படையில் களரிகள் பிரிந்திருந்தன. பறைமேளக் கூத்தைத் தம் கலையாகப் பேணிய சமூகத்தாரின் வாசிப்பு சடங்குக்கு இன்றியமையாததாக இருந்தும், அவர்தம் இடம் ஓரத்திலேயே வகுக்கப்பட்டது. வீடுகளின் எண்ணிக்கையே கூத்தின் நீளம் என்றால், எந்த வீடுகள் எண்ணப்படவே இல்லை என்றும் கேட்டாக வேண்டும்.

பெண்கள் நிலையும் இத்தகையதே. மரபுக் களரியில் பெண் பாத்திரங்களை ஆடவரே ஆடினர். பாடல்களை மனனமாக அறிந்த பெண்கள், பயிற்சிக் காலம் முழுதும் கூத்தைத் தாங்கிய பெண்கள், ஆட்டக்காரராக எண்ணப்படவில்லை. பெண்களை மேடையேற்றியது பல்கலைக்கழகமே. மேடை மரபு களரிக்குக் கற்பிக்கத்தக்கது ஒன்று உண்டெனில், அது இதுதான். செம்மையாக்கத்தை முழுதாக மறுப்போர் இவ்வுண்மையைக் கடந்து செல்ல இயலாது. தாய்வழிக் குடிமுறையால் வீடும் நிலமும் பெண்வழி இறங்கும் ஒரு சமூகத்தில் களரி மட்டும் ஆண்வசம் நின்றது ஏன் என்பது தனியே ஆராயத்தக்க வினா.

ஆகவே, வெளியார் கோலை வீசிவிட்டு ஊரார் கோலை ஏந்துவது தீர்வாகாது. ஊரின் திறனாய்வை முதலில் திறனாய்வாக ஏற்க வேண்டும். ஏற்ற பின்னர் அதனோடு வாதிட வேண்டும். ஏற்காமல் திருத்த முற்படுவது அறியாமை. ஏற்றுப் போற்றுவதோடு நின்றுவிடுவது பொறுப்பைத் தட்டிக்கழித்தல்.

8. பருவம் அறுந்த காலமும் விழா மேடையும்

1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 1983க்குப் பின் முற்றிய போர் 2009 வரை நீடித்தது. இடையே 2004 திசம்பரில் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியது. இப்பேரிடர்களுள் கூத்தை மிகுதியாக முடக்கியது போரே. கூத்துக்கு வேண்டியவை இரவும் திறந்த வெளியும் கூட்டமும். ஊரடங்கும் இடப்பெயர்வும் நிலவிய காலத்தில் அம்மூன்றுமே அச்சத்துக்குரியனவாயின. ஏடுகளும் உடைகளும் அழிந்தன. அவற்றினும் பெரிய சேதம் பருவங்கள் விடுபட்டது. ஓரத்தில் நின்று ஆடிப் பார்க்கும் சிறுவர்க்குப் பார்க்க ஒன்றும் இல்லாதுபோன ஆண்டுகள் அவை.

இவ்விடைவெளியில் விழா மேடை தன் இடத்தை விரித்துக்கொண்டது. தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் பண்பாட்டு விழாக்களிலும் நிமிடக் கணக்கில் வரையறுத்த கூத்து ஆடப்படுகிறது. இம்மேடைகள் பயனற்றவை என்பதற்கில்லை. களரி காணாத மாணவர்க்குக் கூத்தின் முதல் அறிமுகம் இவற்றாலேயே கிட்டுகிறது. ஆயினும், இங்கே ஆடுபவர் தேரப்படுவது போட்டி விதியால். காலம் அளக்கப்படுவது மணிக்கூட்டால். தீர்ப்பு வழங்குவோர் மூவரோ ஐவரோ அமர்ந்த நடுவர் குழு. ஊரின் திறனாய்வுக் களங்கள் அனைத்தும் ஒரு புள்ளித்தாளில் அடங்கிவிடுகின்றன. ஆடுபவர் உருவாகின்றனர்; அவரை அளக்கவல்ல பார்வையாளர் உருவாவதில்லை. ஆடுபவரை இழந்த கலையை ஓர் அண்ணாவியாரைக் கொண்டு மீட்கலாம். அறிந்து பார்க்கும் ஊரை இழந்த கலையை மீட்பதற்கு வழி அரிது.

ஆய்வுலகுக்கும் இதில் பங்குண்டு. அரங்கேற்ற இரவை ஒளிப்பதிவு செய்து, பனுவலைத் தட்டெழுதி, ஆட்ட வகைகளைப் பட்டியலிட்டால் ஒரு கூத்து ஆவணமாயிற்று என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வாறு ஆவணமானது கூத்தின் கடைசிப் படிக்கு முந்திய ஒரு படி மட்டுமே. சட்டங்கொடுத்த நாளின் வாதங்கள், பயிற்சி இரவுகளின் திருத்தங்கள், எந்தப் பாத்திரம் எவர்க்கு ஏன் மறுக்கப்பட்டது என்னும் செய்தி, வீட்டுக்கு வீடு ஆடும்போது எந்த வாசல்கள் தவிர்க்கப்பட்டன என்னும் குறிப்பு ஆகியவை பதிவாவதில்லை. திறனாய்வுக்கு வேண்டிய சான்றுகள் இவற்றில்தான் பொதிந்துள்ளன.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. மட்டக்களப்புக் கூத்தின் படைப்பு அலகு பருவம். அரங்கேற்ற இரவை மட்டும் கொண்டு அதனை மதிப்பிடுதல், நூலின் ஓர் இயலை மட்டும் படித்து முழு நூலுக்கும் மதிப்புரை எழுதுவதற்கு ஒப்பாகும்.

2. கூத்தின் நீளமும் வரவுகளின் பெருக்கமும் பங்கேற்பின் அளவைகள். கதைக் கட்டுக்கோப்பைக் கொண்டு அவற்றைக் குறை என்பது பொருந்தாது.

3. பேராதனை முயற்சி புதியதொரு அரங்க வகையின் தோற்றமாகவே மதிப்பிடப்பட வேண்டும். பழைய வகையின் திருத்திய பதிப்பாக அதனைக் கொள்வது இரண்டுக்கும் நீதி செய்யாது.

4. மீளுருவாக்க முயற்சிகளின் பயனை ஆய்வாளர் விலகிய பின் நிகழும் கூத்தைக் கொண்டே அளத்தல் தகும்.

5. ஊரின் திறனாய்வு சாதி, பால்நிலை ஆகியவற்றில் தன் கோணலைக் கொண்டது. அதனைத் திறனாய்வாக மதித்து, அதே களங்களில் அதனோடு வாதிடுவதே ஆய்வாளரின் கடன்.

அரங்கேற்று காதையின் கோல் சிலம்பின் அரங்குக்கு உரியது. அங்கே அது பிழைபடாத கோல். வட்டக்களரிக்குரிய கோல் ஊரிடம் உள்ளது. அது அளக்கும் முறையை ஆய்வுலகம் கற்றுக்கொள்வதற்குப் பயிற்சி இரவுகளில் களரியின் ஓரத்தில் நிற்கும் சிறுவர் கூட்டத்தோடு சேர்ந்து நின்றாக வேண்டும். அச்சிறுவர் கூட்டம் எந்த ஊரில் இன்னும் திரள்கிறது, எந்த ஊரில் கலைந்துபோயிற்று என்னும் கணக்கெடுப்பே இத்துறையில் இன்று முதலில் செய்யத்தக்க பணி.